பங்குக் கிணற்றில் கழிவெண்ணெய்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? சில நாவல்களைவிடச் சுவாரசியமானவை. அதிலும் கிணறு வருகிற இடம் உச்சக்கட்டம். இன்னாருக்குக் கிணற்றில் நாலில் ஒன்று, இன்னாருக்கு எட்டில் ஒன்று, அந்த எட்டில் ஒன்றைத் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தால் அவவின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பதினாறில் ஒன்று, கூடவே வழிவாய்க்கால் உரித்து. தண்ணீரைப் பின்னமாகப் பிரித்து, நொத்தாரிசு வைத்து எழுதி, பிறகு அந்தப் பதினாறில் ஒன்றுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஆக்கள் நாங்கள். எங்கட பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர் என்றால் சும்மாவா?

இவ்வளவு துல்லியமான மனிதர்களின் கிணற்றில் ஒருநாள் எண்ணெய் மிதந்தது. இதில் ஆருக்கு எத்தனை பங்கு என்று கேட்டபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒருவரும் பங்கு கேட்கவில்லை!

சம்பவ இடம் சுன்னாகம். சந்தைக்கும் மின்சார நிலையத்துக்கும் பேர்போன ஊர். 2009இல் நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி அங்கே சுமார் 30 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றை ஓட்டத் தொடங்கியது. எரித்தது கறுத்துக் கனத்த உலை எண்ணெய். கொஞ்ச வருடங்களில் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் ஒரு மணம், தண்ணீருக்கு மேலே வானவில் போல ஒரு மினுக்கம். நீர்வழங்கல் சபையினர் 2013இன் கடைசியில் தொடங்கி ஒன்றரைக் கிலோமீற்றர் ஆரைக்குள் 150 கிணறுகளைப் பரிசோதித்தார்கள். 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. ஏறக்குறைய நாலில் மூன்று. பின்னக் கணக்கில் சூரர்களான எங்களுக்கு இந்த ஒரு பின்னம் மட்டும் பிடிக்கவேயில்லை.

இந்த இடத்தில் எங்கட நிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் குகையுமான கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியில் கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஆறு என்று சொல்ல வழுக்கை ஆறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும் டியூட்டிக்கு வரும். மிச்ச நாளெல்லாம் இந்தப் படலந்தான் எங்கட கங்கை, காவிரி எல்லாம். மேலே பாருங்கோ, வேலி! கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக அண்ணன் தம்பி ஆயுளுக்கும் பேசாமல் விட்ட ஊர். கீழே வேலியே கிடையாது. அங்கே எல்லாரும் கூட்டுக் குடும்பம், ஒரு வீட்டில் ஊற்றியது ஊருக்கே பந்தி பரிமாறப்படும்.

எண்ணெய் வந்ததும் சந்தேக நபர்களின் அணிவகுப்பு ஆரம்பித்தது. கம்பனியைக் கேட்டால் தான் வருமுன்னரே அங்கே மின்நிலையங்கள் இருந்தன என்றது. ஒருசாரார் பழைய மின்சார சபை இயந்திரங்களைக் காட்டினார்கள். இன்னொருசாரார் யுத்தத்தைக் காட்டினார்கள், குண்டுவீச்சில் எண்ணெய்த் தாங்கி உடைந்ததாம். வேறு சிலர் வாகனம் திருத்துகிற கராஜுகளைக் காட்டினார்கள். மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. ஒரு அறிக்கை பயப்படு என்றது, இன்னொன்று பயப்படாதே என்றது. சனம் இரண்டையும் படித்துவிட்டுப் போத்தல் தண்ணீர் வாங்கியது.

ஊருக்குள் பவுசரில் தண்ணீர் வந்தது. தெருவோரம் பிளாஸ்ரிக் தாங்கிகள் முளைத்தன. பவுசர் எதில் ஓடியது என்று கேட்காதீர்கள். டீசலில்தான்.

2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நிலையத்தை நிறுத்தச் சொன்னார். உயர் நீதிமன்றம்வரை போனவர் ஆரென்று நினைக்கிறீர்கள்? வேலிக்கு வழக்குப் போட்டே பழகிய எங்கட ஆக்களில் ஒருவரா? ரவீந்திர காரியவசம் என்ற தென்னிலங்கைச் சிங்களச் சுற்றாடல்காரர்! 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவு கட்ட வேண்டும் என்ற கொள்கைப்படி கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும். மேற்பார்வை பார்க்க வேண்டிய அரச நிறுவனங்களுக்கும் நல்ல பேச்சு விழுந்தது. அரை ஏக்கர் வழக்கில் பரம்பரையே கரைந்த ஊரின் நிலத்தடி நீர் முழுவதற்கும் வாதாட, காணியில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மனிதர் வரவேண்டியிருந்தது.

சரி, வழக்கு முடிந்தது. கம்பனி குற்றவாளி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கம்பனி 30 மெகாவாட்டை உற்பத்தி பண்ணித் தன் பெட்டகத்திலா பூட்டி வைத்தது? அந்தக் கரண்டில் பாட்டுக் கேட்டது ஆர்? ஐஸ்கிறீம் உறைந்தது ஆர் வீட்டுப் பிரிஜில்? இந்தக் கேள்விக்கு மல்லாகத்திலும் பதில் இல்லை, கொழும்பிலும் இல்லை. ஆகவே நாங்கள் கொஞ்சம் பின்னால் போவோம். பயப்படாதீர்கள், ஆண்டு வரிசைப்படி பாடம் நடத்த மாட்டேன்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற மண்ணெண்ணெய்க் காலம். 1990இல் கரண்ட் போனது. அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் திரும்புகிற போக்கு இல்லை, வருடக்கணக்கான போக்கு. பெற்றோலுக்குத் தடை, பற்றறிக்குத் தடை, சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. அப்போதுதான் யாழ்ப்பாணத்து மூளை வேலை செய்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அதில் ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் டொக்ரர் ஆனேன் என்று சொல்கிற டொக்ரர்களை இன்று உலகம் பூராவும் காணலாம். அவர்கள் எல்லாரும் சொன்னது உண்மையென்றால் அந்தக் காலத்தில் ஜாம் தின்றவர் தொகை நம்பமுடியாதது.

வாகனங்களின் கதை இன்னும் விசேஷம். 1950களின் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் இங்கிலாந்தில் நூதனசாலைக்குப் போய்விட்ட காலத்தில், இங்கே கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. இன்றைக்கு ஹைபிரிட் என்று விளம்பரம் செய்கிறார்களே, எங்கட கந்தையா அண்ணைமார் அப்பவே கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன, ஒரு சின்ன வித்தியாசம். அந்தக் கார் கலியாண வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை தெரிய ஐந்து நிமிடம் புகை அடங்கக் காத்திருக்க வேண்டும்.

சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் றேடியோ கேட்டதும் அப்போதுதான். ஒருவர் சுற்றுவார், பத்துப் பேர் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் உலகச் செய்தியும் சேர்ந்து களைக்கும். ஒரு செய்தியறிக்கைக்கு எவ்வளவு வியர்வை செலவு என்று தோள்மூட்டால் அறிந்த ஒரே தலைமுறை அது. ஐக்கிய நாடுகள் சபை எத்தனை மாநாடு போட்டும் புகட்ட முடியாத பாடத்தை ஒரு றலி சைக்கிள் புகட்டியது.

இதைச் சொல்லித்தான் சில பெருசுகள் இப்போது நெஞ்சை நிமிர்த்துகின்றன. "அப்பவே நாங்கள் இயற்கையோட வாழ்ந்தனாங்கள், தம்பி!" மன்னிக்கவேணும் ஐயா. பட்டினி கிடந்தவர் விரதம் இருந்ததாகக் கணக்குக் காட்டக்கூடாது. கரண்ட் திரும்பி வந்த அன்றைக்கே அந்த ஜாம் போத்தல் குப்பைக்குப் போனது. அதே ஐயா இப்போது ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, குளிருது என்று இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு படுக்கிறார்.

சரி, யுத்தத்துக்கு முந்திய பொற்காலத்தில் நாங்கள் உத்தமர்கள்தானே? வாருங்கள், துலாவடிக்குப் போவோம். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலாவில் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கீழே ஒருவர் பட்டையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வாய்க்கால் கட்ட வேண்டும். ஆளின் கால் களைக்கும்போது கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது. பிறகு வந்தது மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப். அதற்குக் கால் இல்லை, ஆகவே களைப்பும் இல்லை.

1970இல் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சி வந்து வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கியதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அடித்தது யோகம். அரசியலில் அந்த ஆட்சியைத் திட்டின வாய்கள், வெங்காய விலையைக் கேட்டதும் பல்லைக் காட்டின. பம்ப் இரவு பகலாக இறைத்தது. பசளை மூட்டை மூட்டையாக இறங்கியது. நன்னீர்ப் படலம் மெலியக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியது, தோட்ட வெளிகளில் நைத்திரேற்று ஏறியது. வீடுகளில் மாடி ஏறியது. மூன்றில் எதை நாங்கள் கவனித்தோம் என்று சொல்லவும் வேண்டுமா?

மாடி என்றதும் சீமெந்து ஞாபகம் வருகிறது, சீமெந்து என்றதும் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஞாபகம் வருகிறார். பெரிய மனிதர், வழக்காடினால் நீதிபதியே கை தட்ட நினைப்பாராம். சோல்பரிக் கமிஷனுக்கு முன்னால் ஐம்பதுக்கு ஐம்பது என்று பாதி ஆசனம் கேட்டு மணிக்கணக்காகப் பேசியவர். அவர் கைத்தொழில் அமைச்சரான காலத்தில், 1950இல், காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. வடக்குக்குத் தொழில், வேலை, பெருமை. எல்லாம் உண்மை. ஆனால் மூலப்பொருள் என்ன தெரியுமா? தண்ணீரைத் தாங்கி நிற்கிற அதே சுண்ணாம்புக்கல்! குடாநாட்டையே தோண்டி, சூளையில் எரித்து, அதை மூட்டையில் கட்டி, அதால் குடாநாட்டில் வீடு கட்டினோம். கல் போன குழிகள் இன்னும் ஆவென்று கிடக்கின்றன. ஆசனத்தில் பாதி கேட்ட எங்கட பரம்பரையில், அந்தக் குழியில் பாதி என்னுடையது என்று கேட்ட வக்கீல் இன்னும் பிறக்கவில்லை.

"அது சரி, லக்சபானா கரண்ட் சுத்தமான கரண்ட்தானே? தண்ணியில வாறது!" என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். நல்ல கேள்வி. 1918இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற எஞ்சினியர் மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தபோது வெள்ளைக்கார மேலதிகாரிகளுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மனிதர் விடவில்லை. அரசாங்க சபைக்குத் தேர்தலில் நின்று போய் அங்கேயும் இதையே பேசினார். 1950இல் லக்சபானா வேலை செய்யத் தொடங்கியபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிற்பாடு அந்தக் கரண்ட் கம்பியேறி அனுராதபுரம் தாண்டிச் சுன்னாகத்துக்கும் வந்து சேர்ந்தது. புகையில்லை, மணமில்லை. நாங்களும் சுவிச்சைப் போட்டோம், மனச்சாட்சியைக் கழற்றி ஆணியில் மாட்டினோம்.

ஆனால் மலையில் நடந்ததைப் பாருங்கோ. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே அடியில் போனது. தேயிலைத் தோட்டத் தமிழர் கும்பிட்ட கோயிலும் தண்ணீருக்குள். கோடை கடுமையான வருடங்களில் நீர் வற்ற, அந்தக் கோயில் வெளியே வந்து நிற்கும், சனம் படம் எடுக்கப் போகும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாவுக்கு ஆயிரம் பல்பு எரிந்தபோது, ஒரு சாமி அங்கே தண்ணீருக்கடியில் இருட்டில் இருந்தார். தெற்கு வீதிக்காரரை வடக்கு வீதிக்காரர் சோடனையில் வெல்ல வேண்டும் என்ற அவசரத்தில் அவரைப் பற்றி உபயகாரர் ஒருவரும் விசாரிக்கவில்லை.

2013 அளவில் குடாநாடு மறுபடியும் தேசிய மின்வலையில் இணைந்தது. சுன்னாகத்தாருக்கு நிம்மதி. இப்போது எங்கட மின்விசிறியைச் சுற்றுவதில் நுரைச்சோலை நிலக்கரிக்கும் ஒரு பங்கு உண்டு. 900 மெகாவாட், இலங்கையின் ஆகப் பெரிய மின்நிலையம். கரித்தூளும் சாம்பலும் காற்றில் வருகிறதென்று அங்கத்தைய சனம் முறையிடுகிறது. சுன்னாகத்தில் நாங்கள் முறையிட்டது போலவேதான். நாங்கள் அதைச் செய்தியில் பார்த்து, "பாவங்கள்" என்று சொல்கிறோம். செய்தி பார்க்கிற ரிவி எதில் ஓடுகிறது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி எங்கட வெளிநாட்டுச் சொந்தங்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழா வந்தால் ஸ்காபரோவில் இருந்து அண்ணர் குடும்பத்தோடு இறங்குவார். இறங்கி இரண்டாம் நாளே ஊருக்கு வகுப்பு எடுப்பார்: "என்னப்பா, இப்படிப் பிளாஸ்ரிக்கை எரிக்கிறியள்? கனடாவில இப்பிடிச் செய்தால் ஃபைன்!" உண்மை, அண்ணை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு. இலங்கையர் ஒருவரின் பேரில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 தொன் கரியமிலவாயு. கனடாக்காரர் ஒருவரின் பேரில் சுமார் 14 தொன். விமானத்தில் பாதி உலகம் சுற்றி வந்து, பழைய சொப்பிங் பையை எரிக்கிற மாமியைப் பார்த்து அண்ணர் விடுகிற பெருமூச்சும் கரியமிலவாயுதான்.

ஆனால் அண்ணரை மட்டும் பகிடி பண்ண எனக்கு மனம் வராது. வல்லரசுகளே இந்த விளையாட்டில் சிரிப்பாய்ச் சிரித்திருக்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றும் சின்னத் தீவுகள், டீசல் ஜெனரேற்றரில் வெளிச்சம் பார்த்து வந்தவை. அங்கே காற்றும் வெயிலும் கொண்டு மின்சாரம் எடுக்கிற திட்டத்தை 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியாவுக்குப் பொறுக்கவில்லை. சீனா பின்வாங்கியது. அந்த வருடக் கடைசியில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி, மேலுக்குச் சட்டையில்லாமல் நல்லூரானிடம் வந்து கும்பிட்டார். கடைசியில் 2024இல் இந்தியா தன் நன்கொடையில் செய்வதற்கு ஒப்பந்தம் போட்டது. வெயில் பொது, காற்றும் பொது, அதிலும் வேலி போட முடியும் என்று பீக்கிங்குக்கும் டில்லிக்கும் காட்டிக் கொடுத்தது எங்கட கடல்தான். அந்த நேரமெல்லாம் தீவில் டீசல் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

2022இல் முழு நாட்டுக்கும் மண்ணெண்ணெய்க் காலம் வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் கோட். கொழும்பு அழுதது. யாழ்ப்பாணம் சீனியர் மாணவனைப் போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, விறாந்தையில் கிடந்த சைக்கிளைத் துடைத்தது. தெருக்கள் அமைதியாயின, காற்றும் நன்றாக இருந்தது. ஒரே மூச்சில் எங்களுக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பெற்றோல் வந்த மறுநாள் பக்கத்துக் கடைக்குத் தீப்பெட்டி வாங்க மோட்டார் சைக்கிளில் போனார்கள்.

இவ்வளவும் சொல்லி, எல்லாரும் குற்றவாளி, ஆகவே ஒருவரும் குற்றவாளி இல்லை என்று நான் முடிக்கப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தந்திரம் கம்பனிகளுக்கு மிகப் பிடித்த தந்திரம். உலகப் பெரிய எண்ணெய்க் கம்பனி ஒன்றே, தனிமனிதர் தன் காபன் தடத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று இணையத்தில் கணக்குப் பெட்டி திறந்து வைத்தது. கிணற்றுக்குள் எண்ணெய் விட்டவர், வாளியோடு நிற்கிறவரைப் பார்த்து "நீ எத்தனை துளி சிந்தினாய்?" என்று கேட்கிற துணிச்சல் அது. கம்பனியின் பங்கும் குப்பி விளக்குக்காரியின் பங்கும் ஒன்றல்ல. இதில் ஐம்பதுக்கு ஐம்பது செல்லாது.

ஆனால் எங்களுக்குத்தான் பின்னக் கணக்கு வருமே! கம்பனிக்கு ஒரு பங்கு. பார்த்தும் பாராமல் இருந்த அதிகாரிக்கு ஒரு பங்கு. ஸ்காபரோ அண்ணருக்கு ஒரு பங்கு. போர்வைக்குள் ஏசி போடும் ஐயாவுக்குப் பதினாறில் ஒன்றோ, பதினாறாயிரத்தில் ஒன்றோ. தொகை எவ்வளவு சின்னதாயும் இருக்கட்டும், சுவிச்சில் விரல் வைத்த எவருக்கும் பூச்சியம் மட்டும் வராது. சீதன உறுதியில் பதினாறில் ஒன்றை விட்டுக்கொடுக்காத சனம், இந்த உறுதியில் மட்டும் கையெழுத்து வைக்காமல் நழுவுவது அழகில்லை.

நழுவுவதில் நாங்கள் தனியாக இல்லை என்பது ஒரு ஆறுதல். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் பருத்தித்துறையில் இருந்து தேவேந்திரமுனை வரை முழு இலங்கையும் கரண்ட் இல்லாமல் நின்றது. நுரைச்சோலையும் படுத்துவிட்டது. மின்வலை எவ்வளவு நொய்ந்து கிடந்தது என்ற பேச்செல்லாம் பிறகுதான். முதலில் மின்சக்தி அமைச்சரிடம் கேட்டார்கள், அவர் பதில் வைத்திருந்தார். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்துவிட்டதாம்!

முந்தி ஒரு குரங்கு வந்து இலங்கைக்கு நெருப்பு வைத்து வெளிச்சம் காட்டிவிட்டுப் போனது, இது வந்து இருட்டாக்கியது என்று ஊர் சிரித்தது. எனக்கு அந்தக் குரங்கை நினைக்கத்தான் கவலை. ஜீ. ஜீ. தொடங்கி ஸ்காபரோ வரை இத்தனை சந்தேக நபர்கள் நிற்கிற இந்த வழக்கில், வீட்டில் மீற்றர் இல்லாத ஒரே ஆள் அதுதான். ஒரு நல்ல வக்கீல் கிடைத்திருந்தால் தப்பியிருக்கும்.